கிதிர்பூர் துறையில் ஒரு மோட்டார்

ஆட்கள் வந்து இறங்கியாகிவிட்டது. டிரங்குப் பெட்டிகள், படுக்கைச் சுருட்டுகள், பினாங்கில் வாங்கிய பிரம்பு நாற்காலிகள், ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் பவானிபூர் வீட்டு மாடிக்கு ஏறி ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டுவிட்டன. மோட்டார் மட்டும் கிதிர்பூர் துறைமுகத்துக் கிடங்கில் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. ஜகதாம்பாள் கல்கத்தாவில் கால் வைத்தபோது மழை இன்னும் பிடிக்கவில்லை. அப்புறம் மழை பிடித்து, சந்தில் முழங்கால் தண்ணீர் நின்று, வடிந்து, மறுபடியும் நின்றது. மோட்டார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

தினம் காலையில் அவள் கணவர் பட்டாபிராமன் கோட்டும் தலைப்பாகையும் குடையுமாகக் கிளம்புவார். சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்புவார். என்ன ஆயிற்று என்று கேட்டால் "ஹோபே" என்பார். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜண்டு நிபாரண் பாபு அவருக்குக் கற்றுக்கொடுத்த வங்காளி வார்த்தை அது. ஆகிவிடும் என்று அர்த்தமாம். எப்போது ஆகும் என்று கேட்டால் "கால்" என்பார். அது நாளை என்று அர்த்தம். நேற்றைக்கும் வங்காளியில் அதே வார்த்தைதான் என்று பெண் காமு சிரித்துக்கொண்டே விளக்கினபோது ஜகதாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றும் நாளையும் ஒன்றாக இருக்கிற ஊரில் இன்றைக்கு எதுதான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு, கையிலிருந்த கொத்தவரங்காயை வெடுக் வெடுக்கென்று ஒடித்துப் போட்டாள்.

பட்டாபிராமன் மலாய் நாட்டில், தைப்பிங் ஊரில், ரயில்வே கணக்கு ஆபீஸில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவருக்கு வீடு என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போய், கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பி, அந்தச் சுவர் யாருக்கு என்று மறுபடியும் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். அங்கே போய் யார் உட்காருவது? காமு கல்கத்தாவில் இருந்தாள். மாப்பிள்ளை சந்தானத்துக்குக் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் நல்ல உத்தியோகம். இங்கேயே வந்துவிடுங்கள் என்று பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து எழுதினார்கள். வந்துவிட்டார்கள்.

மோட்டாரையும் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் ஜகதாம்பாள்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை. வண்டியை அங்கேயே விற்றுவிடலாம் என்று பட்டாபிராமன் சொன்னபோது, "அப்போ நான் அடுத்த கப்பல்ல வரேன், நீங்க முன்னாடி போங்கோ" என்று மட்டும் சொன்னாள். அவருக்குக் காரணம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பெரிய யுத்தம் முடிந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு ரப்பர் தோட்டத் துரையிடம் பட்டாபிராமன் வாங்கிய வண்டி அது. பச்சை வர்ணம், துணிக் கூரை, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேரும் உட்காரலாம். அதற்குள் காமு கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்துவிட்டாள். வண்டியோடு மாட் என்ற மலாய் டிரைவரும் வந்தான். அவன் பட்டாபிராமனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் படாத பாடு பட்டான். நாலு பத்தி எண்களை ஒரே பார்வையில் கூட்டிவிடுகிற மனுஷருக்குக் கையையும் காலையும் ஒரே சமயத்தில் வேறு வேறு வேலைக்கு ஏவ வரவில்லை. கையைக் கவனித்தால் கால் மறந்துவிடும். காலைக் கவனித்தால் கை விறைத்துக்கொள்ளும். ஒரே பாக்கு மரத்தில் இரண்டு தரம் போய் இடித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த ஜகதாம்பாள், மாட் சொன்ன ஒவ்வொன்றையும் தன் புடவைக்குள் காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒருநாள் தோட்டத்துப் பாதையில் வரும்போது டிரைவர் மாட்டுக்குக் குளிர்ஜுரம் தூக்கிப் போட்டது. பற்கள் கிட்டிவிட்டன. சுற்றிலும் ரப்பர் மரம், மனுஷர் நடமாட்டம் இல்லை. பட்டாபிராமன் சக்கரத்தைப் பிடித்து வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்; அது குலுங்கிக் குலுங்கி நின்றது. ஜகதாம்பாள் இறங்கி முன்னால் வந்து, "நகருங்கோ" என்றாள். ஆஸ்பத்திரி வாசல் வரை அவள்தான் ஓட்டினாள். மாட் பிழைத்தான். பிறகு அவன் சொந்த ஊருக்குப் போய்விட்டான். வேறு டிரைவர் வைக்கவில்லை.

அப்புறம் விடியற்காலையில் அவர்கள் இரண்டு பேரும் வண்டியில் போவது வழக்கமாயிற்று. ரப்பர் பால் எடுக்கிற ஆட்கள் மரத்துக்கு மரம் கிண்ணத்தோடு நடந்துகொண்டிருப்பார்கள். நிழலுக்குள் பாதை நீண்டு போகும். அந்த நேரத்தில் ஜகதாம்பாள் யாருக்கும் சாதம் வடிக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். கைக்குக் கீழே அந்த இரும்பு சொன்னபடி கேட்டது. அப்படிச் சொன்னபடி கேட்ட வேறு எதையும் அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஊர் எல்லை நெருங்கியதும் வண்டியை நிறுத்தி இடம் மாறிக்கொள்வார்கள். வீடு வரை பட்டாபிராமன் மாட்டு வண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு போவார். பக்கத்திலிருந்து அவள், உதடு அசையாமல், பிரேக், இடது பக்கம், மெதுவா என்று சொல்லிக்கொண்டே வருவாள். தைப்பிங் முழுவதும் பட்டாபிராமன் நிதானமாக ஓட்டுகிறவர் என்று பெயர். போகட்டும், ஆம்பிளைக்கு ஒரு கௌரவம் வேண்டாமா என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்பது கல்கத்தாவுக்கு வந்து, மழைத் தண்ணீர் வடியும் சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

முதலில் கூண்டு வேறு யாருடைய சரக்குக்கோ அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார் பட்டாபிராமன். சரி, நியாயம். பிறகு தோட்டத் துரை எழுதிக் கொடுத்த ரசீது வேண்டும் என்றார்கள். அது பூஜைப் பெட்டியில் சாளக்கிராமத்துக்கு அடியில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தாள். பிறகு வரி. பழைய வண்டிக்கு எதற்கு வரி, நான் காலில் போட்டுக்கொண்டு வந்த செருப்புக்கு வரி கேட்பீர்களா என்று பட்டாபிராமன் கஸ்டம்ஸ் துரையிடம் வாதாடியிருக்கிறார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, செருப்பில் நாலு பேர் ஏறிப் போக முடியாதே என்றாராம். கடைசியில் வரியும் கட்டியாயிற்று. அப்புறம்தான் ஜகதாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது. கட்ட வேண்டியதைக் கட்டி, காட்ட வேண்டியதைக் காட்டிய பிறகு இன்னும் என்ன? பட்டாபிராமன் காலையில் தாமதமாகக் கிளம்பவும் சாயங்காலம் சீக்கிரம் திரும்பவும் ஆரம்பித்தார். ஒருநாள் அவர் குடை நனையவே இல்லை, வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. துறைமுகத்துக்கே போகவில்லை, எங்கேயோ தாழ்வாரத்தில் பொழுதைப் போக்கிவிட்டு வந்திருக்கிறார்.

மாப்பிள்ளையைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவர் கூடத்தில் இருந்தால் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பாள். இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்பதைக்கூடக் காமுவிடம் சொல்லி, காமு கேட்டு, பதிலைக் காமு கொண்டுவர வேண்டும். இந்தக் கேள்வியும் அந்த வழியாகவே போயிற்று. அதற்குப் பதில் வருவதற்குள் இரண்டு நாள் ஆயிற்று. வந்த பதிலைக் காமு மென்று விழுங்கிச் சொன்னாள்.

ஊரில் சில வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள் பேரில் மோட்டார்களை இறக்கி, வந்த கையோடு விற்றுவிடுகிறார்களாம். அதனால் கஸ்டம்ஸில் கொஞ்சம் துருவித் துருவிக் கேட்கிறார்களாம். இவரிடமும் கேட்டிருக்கிறார்கள். உன் வண்டிதானே, கிடங்கைச் சுற்றி ஒரு தரம் ஓட்டிக் காட்டிவிட்டு எடுத்துப் போ என்றிருக்கிறார் துரை. அப்பா முழங்கால் வலி என்றிருக்கிறார். சரி, பிடித்து ஓட்டுகிற சக்கரத்துக்குக் கீழே இருக்கிற இந்தச் சின்ன நெம்புகோல் எதற்கு என்று துரை கூண்டுப் பலகை இடுக்கு வழியாகக் காட்டிக் கேட்டிருக்கிறார். அப்பா, அது ஹாரன் என்றிருக்கிறார்.

"ஹாரனா?" என்றாள் ஜகதாம்பாள். ஹாரன் வெளியே ரப்பர் பந்தோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

காமு தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று தெரிந்தது. விடாமல் கேட்டதில் அதுவும் வந்தது. அப்பா யாரோ பினாங்கு வியாபாரிக்குப் பெயரை இரவல் கொடுத்திருக்கிறார் என்று சந்தானமே நினைக்கிறாராம். துறைமுகத்தில் அவர் கம்பெனியின் சரக்கும் போகிறது, வருகிறது. அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும். மாமனார் விஷயம் பெரிய துரை காது வரை போனால் என்ன ஆகும் என்று அவருக்கு உள்ளுக்குள் உதைப்பு. அதனால்தான் கொஞ்ச நாளாக மாமனாரோடு இலைக்கு உட்காராமல் முன்னாடியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

ஜகதாம்பாள் மொட்டை மாடிக்குப் போனாள். பட்டாபிராமன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற வங்காளிப் பெண்மணியைப் பார்க்காமல் இருப்பதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்ற விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நான்தான் ஓட்டுகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கேட்டாள். புது ஊர், மாப்பிள்ளை வீடு, நம்மவர்கள் நாலு குடும்பம் இருக்கிற இடம், ஊர் சிரிக்கும் என்றார்.

"உங்களைத் திருடன்னு நினைச்சா மட்டும் சிரிக்க மாட்டாளா?"

"திருடன்னு யாரும் சொல்லலை."

"மாப்பிள்ளை நினைக்கிறார். வாயால சொன்னாத்தான் சொன்னதா?"

அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது. கவலைப்படாதே, எல்லாவற்றுக்கும் ஒரு வழி பண்ணிவிட்டேன் என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். நிபாரண் பாபுவிடம் சொல்லியிருக்கிறாராம். கூண்டோடு அப்படியே வாங்கிக்கொள்ள ஹவுராவில் ஒரு பட்டறைக்காரன் இருக்கிறானாம். விற்றுவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், தலைவலி தீர்ந்தது.

ஜகதாம்பாள் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வியாபாரிக்காகக் கொண்டுவந்தான் என்று சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்க இவர் வியாபாரியிடமே விற்கப் போகிறார். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டா ரயில்வேக்காரன் இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தான் என்று தோன்றியது. அதைவிட, அவளைக் கேட்காமல் என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வண்டியை விற்பது என்றால் அந்த விடியற்காலைகளை விற்பது. பட்டாபிராமன் அதை நன்றாக அறிந்தவர். அறிந்தும் செய்யத் துணிந்தார்.

"நான் ஓட்டறேன்னு சொல்றதுக்கு உங்களுக்கு அவ்வளவு கேவலமா இருக்கு," என்றாள் கடைசியில். அவர் இல்லை என்று சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. கீழே இறங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் சந்தானம் ஆபீஸிலிருந்து வந்து, கால் அலம்பிக்கொண்டு, டிபனுக்கு உட்கார்ந்தார். காமு தட்டை எடுக்க உள்ளே வந்தாள். ஜகதாம்பாள் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, கதவைத் தாண்டிப் போய், மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். சந்தானம் எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

"மாப்பிள்ளை, நேரா பேசறேனேன்னு தப்பா எடுத்துக்கப்படாது. அந்த வண்டியை ஓட்டறது நான்தான். அவருக்கு ஓட்டத் தெரியாது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுண்டு இத்தனையும் பண்ணியிருக்கார். வேற ஒரு தப்பும் அவர்கிட்ட இல்லை."

காமு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தானம் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதைச் சொல்வதற்கா இவ்வளவு நாள், நான் ராத்திரியெல்லாம் தூங்காமல் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேனே என்றார். பிறகு மாமாவைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டேன் என்று சொல்லி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நிஜமாகவே ஓட்டுவீர்களா, இங்கே டிராம், மாடு, ரிக்‌ஷா எல்லாம் குறுக்கே வருமே என்று கேட்டார். அங்கே யானை வரும் என்றாள் ஜகதாம்பாள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு தரம் வந்தது.

சந்தானத்துக்கு உடனே துணிச்சல் வந்துவிடவில்லை. நம்மவர்கள் கேள்விப்பட்டால், பெரிய துரை கேள்விப்பட்டால் என்று இரண்டு மூன்று தரம் இழுத்தார். ஒவ்வொரு தரமும் ஜகதாம்பாள் அங்கேயே நின்றாள். கடைசியில் நாளைக்கு லீவு சொல்லிவிடுகிறேன் என்றார்.

மறுநாள் மூவரும் வாடகைக் குதிரை வண்டியில் கிதிர்பூருக்குப் போனார்கள். பட்டாபிராமன் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வர மாட்டேன் என்று காலையில் சொல்லிப் பார்த்தார். ரசீது உங்கள் பேரில் இருக்கிறது, நீங்கள் வராமல் முடியாது என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு தலைப்பாகையை எடுத்துக்கொண்டார்.

கிடங்கில் நிபாரண் பாபு ஹோபே ஹோபே என்று சொல்லிக்கொண்டே வரவேற்றார். மடிசார் கட்டிய ஒரு அம்மாள் இறங்குவதைக் கண்டதும் அந்த வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. கஸ்டம்ஸ் துரை ஒல்லியான மனுஷர், கழுத்து வெயிலில் சிவந்திருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். வண்டியை இன்றைக்காவது ஓட்டிக் காட்டுவீர்களா என்று பட்டாபிராமனைக் கேட்டார். சந்தானம் பதில் சொல்ல வாயெடுத்தார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் சொல்லட்டும் என்றார்.

பட்டாபிராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மை ஃபேமிலி டிரைவ்ஸ், சார்," என்றார். துரைக்குப் புரியவில்லை. குடும்பத்தில் யார் என்று கேட்டார். பட்டாபிராமன் ஜகதாம்பாளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கூலிகள், குமாஸ்தாக்கள், நிபாரண் பாபு, மாப்பிள்ளை எல்லோரும் நின்றார்கள்.

"மை வைஃப், சார். ஷீ டிரைவ்ஸ். ஐ ஒன்லி ஸிட்."

ஜகதாம்பாளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். அந்த மூன்று வாக்கியமும் தெரிந்தது. இத்தனை நாள் அவர் மேல் இருந்த எரிச்சல் அதோடு தீர்ந்துபோயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டதும், இதற்கு மேல் அவரை ஒன்றும் சொல்லக் கூடாது, இன்றைக்காவது, என்று நினைத்தாள்.

துரை பலகை இடுக்கு வழியாக அந்த நெம்புகோலைக் காட்டி அவளிடமும் கேட்டார். அவள் தமிழில் சொல்ல, சந்தானம் இங்கிலீஷில் சொன்னார். அது நெருப்புப் பொறி முந்தி விழுவதற்கும் பிந்தி விழுவதற்கும் உள்ளது. வண்டியைக் கிளப்பும்போது பிந்தி விழும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் சுற்றுகிற கைப்பிடி திருப்பி அடித்துச் சுற்றுகிறவர் கையை ஒடித்துவிடும். துரை தலையை ஆட்டினார். கூண்டைப் பிரிக்கச் சொன்னார்.

பலகைகள் விழுந்தன. ஜகதாம்பாள் கிட்டே போய்ப் பார்த்தாள். பித்தளையெல்லாம் பச்சை பூத்திருந்தது. துணிக்கூரையில் பூஞ்சை. இருக்கைக்குள் எலி குடித்தனம் பண்ணியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஹோபே என்று விட்டிருந்தால் ஹவுராப் பட்டறைக்காரனுக்குக்கூட உதவியிருக்காது. அவள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பட்டாபிராமன் முன்னால் போய்க் கைப்பிடியை மாட்டினார். வண்டி விஷயத்தில் அவருக்கு வந்த ஒரே வேலை அது. அதை மட்டும் டிரைவர் மாட்டைவிட நன்றாகச் செய்வார்.

சுற்றினார். இருமல்கூட இல்லை. மறுபடியும் சுற்றினார். தலைப்பாகையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சுற்றினார். கூலிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஜகதாம்பாள் இறங்கி, மூடியைத் திறந்து, நெருப்புப் பொறி உண்டாக்குகிற மேக்னெட்டோவைக் கழற்றிப் பார்த்தாள். உப்பு ஈரம் படிந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்து, நிபாரண் பாபுவிடமிருந்து தீப்பெட்டி அட்டையை வாங்கி முனைகளைத் தேய்த்து, திரும்ப மாட்டினாள். மறுபடியும் ஏறினாள். "இப்போ," என்றாள். பட்டாபிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டி ஒரு தரம் தும்மியது, கரும்புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. பட்டாபிராமன் அப்படியே குனிந்தபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததை ஜகதாம்பாள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அவள் கிடங்கைச் சுற்றி வந்தாள். நடுவில் சணல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்றது. அது நகர்கிற வழியாக இல்லை என்று தெரிந்ததும் பின்னுக்கு எடுத்து, இரண்டு தூண்களுக்கு நடுவே திருப்பி, போன வழியே திரும்பி வந்து துரைக்கு முன்னால் நிறுத்தினாள். துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. துறைமுகத்து வாசலில் நிறுத்தினார்கள். ரோட்டில் ஓட்டுவதற்குப் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். மலாய் நாட்டு லைசென்ஸ் இருந்தது, பட்டாபிராமன் பேரில். ஓட்டத் தெரிந்தவளிடம் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இருக்கிறவருக்கு ஓட்டத் தெரியாது. சந்தானம் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். அதே சமயத்தில்தான் நிபாரண் பாபு பவானிபூர்ச் சந்துக்குள் இந்த வண்டி நுழையவே நுழையாது என்பதையும் நினைவுபடுத்தினார். அதை யாரும் அதுவரை அளந்து பார்க்கவில்லை. பெஹாலாவில் அவர் மைத்துனருக்கு மரக் கொட்டகை ஒன்று இருந்தது, அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அது.

கடைசியில் ஒரு ஜோடி மாட்டை வாடகைக்குப் பிடித்து, வண்டிக்கு முன்னால் கயிறு கட்டி, பெஹாலாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சக்கரத்தைப் பிடித்துத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். ஜகதாம்பாள்தான் உட்கார்ந்தாள். கடல் தாண்டி மோட்டார் கொண்டுவந்து மாட்டை விட்டு இழுக்கிற கண்ராவியைப் பார்க்க டிராமில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தூறலும் பிடித்துக்கொண்டது. பட்டாபிராமன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலைக்குக் குடை பிடித்தார். சந்தானம் கொஞ்ச தூரம் பின்னால் நடந்து வந்தார், நம்மைத் தெரியாதவர் மாதிரி வருகிறார் பார் என்றார் பட்டாபிராமன். பெஹாலா வந்து சேர்வதற்குள் மாட்டுக்காரன் இரண்டு இடத்தில் பீடி குடிக்க நிறுத்தினான்.

லைசென்ஸ் வாங்குவதற்குள் துர்கா பூஜை வந்து, ஆபீஸெல்லாம் மூடி, திறந்துவிட்டது. மைதானத்தில் ஒரு சார்ஜண்டு அவளை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். திடீரென்று நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். சார்ஜண்டின் தொப்பி முன்னால் போய் விழுந்தது. கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காலையில் அவர்கள் இரண்டு பேரும் டிராம் ஏறிப் பெஹாலாவுக்குப் போய், வண்டியை எடுத்துக்கொண்டு டயமண்ட் ஹார்பர் ரோட்டில் போவார்கள். இரண்டு பக்கமும் குளம், வாழை, நெல் வயல். ரப்பர் மரங்கள் மாதிரி இல்லை. ஆனாலும் பாதை நீண்டு போயிற்று. பாங்கு உத்தியோகஸ்தர் லக்ஷ்மிநாராயணன் வீட்டு ராஜலக்ஷ்மி அம்மாள், வெற்றிலை பாக்குக்குப் போன இடத்தில், இந்தக் காலத்தில் பொம்மனாட்டிகளுக்கு வண்டிக்காரன் வேலைகூட வந்துவிட்டது என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். ஜகதாம்பாள் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு எழுந்தாள். தை மாதத்தில் அதே ராஜலக்ஷ்மி அம்மாள், காளிகாட் வரை போக வேண்டும், குதிரை வண்டியில் குலுக்குகிறது என்று காமுவிடம் சொல்லி அனுப்பினாள். ஜகதாம்பாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள். சந்தானம் இப்போது மாமியாரிடம் நேராகவே பேசினார். டயர் எங்கே மலிவு, பெட்ரோல் தகரம் எந்தக் கடையில் நல்லது என்று ஆரம்பித்தால் காமு குறுக்கே பேச இடமே இராது.

பட்டாபிராமனைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரங்கூனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஓய்வு பெற்று வருகிற நம்மவர்கள், மோட்டார் கொண்டுவரலாமா என்று அவரிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஞ்சிநாதன் என்று ஒருவர் பெஹாலாக் கொட்டகைக்கே வந்துவிட்டார். ஜகதாம்பாள் குந்தி உட்கார்ந்து சக்கரத்துச் சேற்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டாபிராமன் முக்காலியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பயப்பட வேண்டாம், ஓய். கஸ்டம்ஸ்ல முதல் நாளே உண்மையைச் சொல்லிடணும். அதுதான் முக்கியம். மறைச்சா மாட்டிண்டுடுவேள்."

ஜகதாம்பாள் நாரைக் கீழே போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை; நிஜமாகவே தன் அனுபவத்தைச் சொல்கிற மனுஷரின் முகமாகத்தான் இருந்தது. அம்மாளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று வாஞ்சிநாதன் கேட்டார். பட்டாபிராமன் கொஞ்சம் தயங்கினார்.

"அவளே கத்துண்டா," என்றார். "நான் பக்கத்துல இருந்தேன்."

அவள் வாளியிலிருந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி வாளியை அவரிடம் நீட்டினாள். வாஞ்சிநாதன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போனார்.